வேலூர் வெயிலில் வெள்ளரி விதை எடுத்த கதை

ஈரத்துணியைப் பிரித்துப் பார்த்தேன். போட்ட விதைகளில் ஏறக்குறைய எல்லாமே வால் விட்டிருக்கின்றன. வீட்டிலேயே பழுக்கவிட்டு, வீட்டிலேயே எடுத்து, வீட்டிலேயே காயவைத்த நாட்டு வெள்ளரி விதை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன்.

போன விதைப்புப் பட்டத்தில் கடை விதையை நம்பிப் பட்ட பாடு அப்படி. சந்தைப் பக்கம் ஒரு கடையில் வீரிய ஒட்டு ரகம் என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். உள்ளே எண்ணிப் பார்த்தால் ஒரு கைப்பிடி கூட இல்லை, விலையோ ஒரு சாப்பாட்டுக்குக் காணும். சான்று பெற்ற வெள்ளரி விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத் திறன் 60 சதவீதம்தான். பத்தில் நான்கு ஊமையாகக் கிடந்தாலும் சட்டப்படி அது நல்ல விதை! என் பாக்கெட் அந்த அளவைக்கூடத் தொடவில்லை. கேட்டதற்கு, "தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்" என்ற வழக்கமான பதில். பாக்கெட்டின் முதுகில் இருக்கும் பரிசோதனைத் தேதியைப் பார்க்காமல் இனி எதையும் வாங்குவதில்லை. மருந்து பூசி நிறமேற்றிய விதையென்றால் ஊறவைக்கவும் கூடாது, பூசிய பூஞ்சணக்கொல்லி தண்ணீரோடு போய்விடும்.

என் விதைக்கு மூலம் பக்கத்து வீட்டு ஆயா. அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் அவருடைய தம்பி நிலத்தில் காய்க்கும் ரகம், வெளிர் பச்சையில் வெள்ளைக் கோடு, கசப்பே கிடையாது. தைப் பட்டத்தில் மாடியில் ஏற்றினேன். கொடியின் நடுப்பகுதியில் இரண்டு காயை மட்டும் பறிக்காமல் விட்டேன். காயை முற்றவிட்டால் கொடி அடுத்த பிஞ்சுகளைச் சரியாகத் தாங்காது என்பது தெரிந்ததுதான், அதனால் மற்றவற்றையெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகே இந்த வேலை. மஞ்சளாகி, தோலில் பழுப்பு வலை விழுந்து, காம்பு சுருங்கிய பிறகு பறித்து, நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் சும்மா போட்டு வைத்தேன். அந்த ஓய்வில் உள்ளே விதை இன்னும் திரளும். சமையலுக்கு வாங்கிய பிஞ்சிலிருந்து விதை எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: எடுக்கலாம், தாளைப் போலத் தட்டையாக இருக்கும், முளைக்காது.

இனிதான் விஷயம். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு.

வெள்ளரியில் ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக ஒரு கொழகொழ உறை உண்டு. பழத்துக்குள் இருக்கும்போதே விதை முளைத்துவிடாமல் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. அதைக் கரைக்காமல் காயவைத்தால் விதை ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம் கட்டும், பிறகு பூஞ்சணம் வரும். எனவே நொதிக்கவைக்க வேண்டும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இரண்டு முதல் மூன்று நாள் என்று போட்டிருக்கிறது. எந்த ஊரில் ஐயா மூன்று நாள்? அந்தக் கணக்கை எழுதியவர் கத்திரி வெயிலில் வேலூர் மொட்டைமாடி அறையில் ஒரு இரவு படுத்துப் பார்த்திருக்க வேண்டும். நொதித்தல் என்பது ஈஸ்டும் பாக்டீரியாவும் செய்கிற வேலை. சூடு கூடக் கூட அவை வேகமாகத் தின்னும். மூன்று நாள் வரை காத்திருந்தால் உறை கரைந்து, தடுப்புப் பொருளும் போய், விதை கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே மூக்கை நீட்ட ஆரம்பிக்கும். நுனி வெடித்த விதையைக் காயவைத்தால் அது செத்த விதைதான்.

ஆகவே நான் கடிகாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விரலால் பார்த்தேன். விதைச் சோற்றை வழித்து, அதே அளவு தண்ணீர் சேர்த்து, வாய் அகன்ற ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், அதாவது மண் பானை இருக்கும் மூலையில் வைத்தேன். காலையும் மாலையும் ஒரு குச்சியால் கிளறல். கிளறாவிட்டால் மேலே மிதப்பவை காய்ந்து கறுத்துப்போகும். முதலில் குமிழி வரும், பிறகு வெள்ளை ஆடை படியும், பிறகு புளித்த கள்ளின் வாடை. அம்மா பாட்டிலோடு என்னையும் வெளியே வைக்கச் சொன்னது இந்தக் கட்டத்தில்தான்.

வாடை வந்துவிட்டது என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. அடியிலிருந்து ஒரு விதையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கி ஓடினால் இன்னும் இருக்கிறது. விரலில் நின்று, லேசாகச் சொரசொரத்தால் முடிந்துவிட்டது. ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று பாருங்கள். மேல் விதைக்குக் காற்று அதிகம், அடி விதைக்குக் குறைவு, ஒரே நேரத்தில் கழலாது. பெரும்பாலானவை சொரசொரப்பானதும் உடனே நிறைய தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். மிச்சமிருக்கும் வழுவழுப்பு டீ வடிகட்டியில் தேய்க்கும்போது போய்விடும். எனக்குப் புத்தகக் கணக்கில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

ஆயாவுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. "இதைப் போய் நாறடித்துக்கொண்டு இருக்கிறாயே கண்ணு, அடுப்புச் சாம்பல் எதற்கு இருக்கிறது?" என்றார். அவர் வழி எளிது: விதையைச் சாம்பலில் போட்டுப் பிசைந்து, வழுவழுப்பைச் சாம்பல் குடித்ததும் முறத்தில் கொட்டி நிழலில் உலர்த்தி, சாம்பலோடே எடுத்து வைப்பது. வாடையும் கிடையாது, வண்டும் வராது. ஒரு பழத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். சாம்பல் வழியில் ஒரே குறை, உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு விதையைப் பிரிக்க முடியாது. தண்ணீர் வழியில் நல்லது அடியில் தங்கும், பொக்கு மேலே மிதக்கும், சாய்த்தால் போயிற்று. ஆயா முறத்தில் புடைத்தே அதையும் பிரித்துவிடுகிறார் என்பது வேறு விஷயம். அந்தக் கை எனக்கு வராது. விறகடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது என்பதும் ஒரு கேள்வி.

காயவைப்பதிலும் நம் ஊருக்குத் தனிச் சட்டம். நன்றாகக் காயட்டும் என்று மாடித் தளத்தில் விரிக்காதீர்கள். ஈர விதை அந்தச் சூட்டில் வெந்துவிடும். செய்தித்தாளும் வேண்டாம், ஒட்டிக்கொண்டு உரிக்க உரிக்கத் தோல் வரும். பழைய கொசுவலைத் துண்டை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக வைத்தேன். மேலும் கீழும் காற்று போவதால் புரட்டுகிற வேலையே குறைந்துவிட்டது. இந்தக் கொசுவலைச் சட்டம்தான் இந்த வருடத்தில் நான் செய்த உருப்படியான கருவி. விதையை வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும், அதுவரை பாட்டிலுக்குள் போகக் கூடாது. சான்று விதைக்கு ஈரப்பதம் 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். வீட்டில் அளக்க முடியாது, ஒடித்துப் பார்ப்பதுதான் அளவு.

அப்படி மூடி வைத்ததை ஆடிப் பட்டத்துக்காக இப்போது எடுத்திருக்கிறேன். ஊறவைக்க ஆழ்துளைத் தண்ணீரைத் தொடவில்லை, எங்கள் தெருவில் அதில் உப்பு அதிகம். காவிரி கூட்டுக்குடிநீரை முந்தின இரவே பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் வாடை போய்விடும். இரவு முழுதும் ஊறல். பிறகு ஒரு சிட்டிகை சூடோமோனாஸ், நாற்றழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி. பரிந்துரை கிலோ விதைக்கு 10 கிராம், என்னிடம் இருப்பதோ ஒரு உள்ளங்கை, இதற்குத் தராசு எடுத்தால் சிரிப்பார்கள். பஞ்சகவ்யம் வைத்திருப்பவர்கள் 3 சதவீதக் கரைசலில் 20 நிமிடம் நனைத்தாலும் போதும். குளிர்நாட்டு வீடியோக்களில் விதைக்கு அடியில் சூடேற்றும் பாய் விரிக்கிறார்கள். வெள்ளரி 25 முதல் 35 டிகிரிக்குள் சுகமாக முளைக்கும். நாம் செய்ய வேண்டியது அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான். மறுபடியும் அதே பானை மூலை.

வால் ஒரு சென்டிமீட்டர் எட்டுவதற்குள் செய்தித்தாள் குவளைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வெள்ளரி வேரைப் பிடுங்கி நடுவது ஆகாது, தாளோடு மண் நிரப்பிய பையில் இறக்கிவிடலாம். பாதிதான் முடிந்திருக்கிறது, அணிலுக்குச் செய்தி போய்விட்டது போலிருக்கிறது, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. குவளைகள்மேல் அந்தக் கொசுவலைச் சட்டத்தையே கவிழ்த்துவிட்டேன்.

அடுத்த கவலை மகரந்தம். எதிர் வீட்டு மாடியில் கடை வெள்ளரி ஏறியிருக்கிறது, தேனீ இரண்டு வீட்டுக்கும் போய் வரும். வெல்லம் போட்டுச் சாப்பிடும் வெள்ளரிப்பழத்தோடு கலந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது முலாம்பழத்தின் இனம், குரோமோசோம் 24, நம் வெள்ளரிக்கு 14, சேரவே சேராது. ஆனால் வெள்ளரியோடு வெள்ளரி கட்டாயம் சேரும். சான்று விதை வயல்களுக்கு 500 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள், எங்கள் தெருவின் நீளமே அவ்வளவு இருக்காது. ஆகவே மறுநாள் மலரப் போகும் ஆண் பூ, பெண் பூ இரண்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிட்டு, காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் கையால் தொட்டு வைத்து, பெண் பூவை மறுபடியும் கட்டுவது என்று முடிவு. காம்பு நோகாத நூலாகத் தேட வேண்டும், தையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரியும் ஒன்று பழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் தண்ணீர் வழியா, வேறா என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுவரப் போகிறேன். யாராவது செய்து பார்த்திருந்தால் அதற்கு முன்பே சொல்லுங்கள், பஸ் டிக்கெட் மிச்சம்.