கோர்னீல்யாவில் ஓர் அறை

மார்ச் 8, சனி

மே மாதம் சிங்க்வே தெர்ரே போவது உறுதியாகிவிட்டது. அக்காவும் நானும். பீசா வரை விமானம், அங்கிருந்து லா ஸ்பெட்சியாவுக்கு ரயில். எங்கே தங்குவது என்பதுதான் பாக்கி.

சிங்க்வே தெர்ரே என்பது இத்தாலியின் லிகூரியா கடற்கரையில், மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிற இடத்தில் இருக்கும் ஐந்து ஊர்கள்: மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னீல்யா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன, 1999இல் தேசியப் பூங்கா ஆயின. ஐந்தையும் ஒரே ரயில் பாதை கோக்கிறது, பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே ஓடும். ஊருக்கு ஊர் சில நிமிடப் பயணம். ஆக, எங்கே தங்கினாலும் மற்ற நான்கையும் பார்த்துவிடலாம். அதனாலேயே தேர்வு குழப்புகிறது.

அறை தேடுபவர்கள் முதலில் கேட்பது ஜன்னலில் கடல் தெரியுமா என்றுதான். பகல் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே நடக்கப்போகிறவர்களுக்கு அது எதற்கு? எனக்கு வேண்டியது வேறு. நடந்து களைத்து வரும்போது, கடைசி அரை மணி நேரம் எப்படி இருக்கும்?

மார்ச் 15, சனி

இரவு முழுக்க வரைபடமும் கையுமாக இருந்தேன்.

லா ஸ்பெட்சியா துறைமுக நகரம். வாடகை குறைவு, கடைகள் உண்டு, ரியோமஜ்ஜோரே பத்து நிமிடத்துக்குள். ஆனால் சாயங்காலம் எல்லோரும் திரும்புகிற ரயிலில்தான் நாமும் நெருக்கியடித்துத் திரும்ப வேண்டும். மறுமுனையில் லெவாந்தோ. நல்ல மணல் கரை, சமதளமான தெருக்கள். அதைக் கடைசி இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மோன்தெரோஸ்ஸோவில் நடக்க எளிது, ஐந்தில் பெரிய கடற்கரை அங்கேதான், விடுதிகளும் அதிகம். வெர்னாட்சா அழகு, அதனாலேயே பகலில் அந்தச் சின்னத் துறைமுகச் சதுக்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மனரோலாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் தெருவே சரிவுதான், மலிவான அறைகள் உச்சியில்தான் கிடைக்கின்றன.

கோர்னீல்யா நடுவில் இருக்கிறது. கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை முதுகில் ஊர். துறைமுகம் கிடையாது, படகு நிற்காது. நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற லார்தரீனா என்ற படிக்கட்டு, 382 படி. அக்காவிடம் சொன்னதுமே, "ஏண்டி, நாம ஊர் சுத்தப் போறோமா, பழனி மலை ஏறப் போறோமா?" என்றாள்.

அவளுக்கு வரைபடத்தைக் காட்டினேன். வெர்னாட்சாவிலிருந்து வரும் கடலோரப் பாதை மலை இடுப்பில் உயரத்திலேயே வந்து நேராக கோர்னீல்யாவுக்குள் நுழைகிறது. மனரோலாவுக்கு மேலே இருக்கும் வொலாஸ்த்ராவிலிருந்து வரும் திராட்சைத் தோட்டப் பாதையும் மேலிருந்து ஊருக்குள் இறங்குகிறது. காலையில் படி இறங்கி ரயிலில் அடுத்த ஊருக்குப் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி நடந்தால் அந்த 382 படியை ஏறவே வேண்டாம். ஏற வேண்டியிருந்தால் சிற்றுந்து இருக்கிறது.

"சரி, போடு" என்றாள் அக்கா.

மே 12, திங்கள்

வந்து சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு முதுகுப்பை மட்டும். சக்கரப் பெட்டியோடு யாராவது இங்கே அறை எடுத்தால், ஒன்று நிலையத்திலிருந்து சிற்றுந்தைப் பிடியுங்கள், இல்லை பெட்டியை லா ஸ்பெட்சியாவில் பாதுகாப்பறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

விடுதி என்று பலகை ஏதும் இல்லை. ஒரு குடும்பம் தன் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறது, இங்கே பெரும்பாலும் இப்படித்தான். கல் தரை, தடித்த சுவர், பச்சை மரக்கதவு போட்ட ஜன்னல். தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி வரி தனியாக வாங்கினார் வீட்டம்மா. முன்பதிவில் காட்டும் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

மே 13, செவ்வாய்

வெர்னாட்சாவிலிருந்து நடந்து வந்தோம். ஊரை விட்டதும் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கிறது. திரும்பிப் பார்த்தால் தேவாலயமும் கோட்டைக் கோபுரமும் காலடியில். அப்புறம் ஒலிவத் தோப்பு, ப்ரெவோ என்ற சில வீடுகள், அங்கிருந்து இறக்கம். ஒன்றரை மணி நேரப் பாதை என்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தோம். இந்தப் பகுதிக்குக் கட்டணம் உண்டு, பூங்காவின் அட்டையை முதலிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. செருப்போடு வந்தால் அபராதம். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் பாதையையே மூடிவிடுவார்கள்.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் சொந்த அறையில் குளித்துவிட்டு, ஃபரினாத்தா சாப்பிட்டோம். கடலை மாவைக் கரைத்து, ஒலிவ எண்ணெய் விட்டு, பெரிய செம்புத் தட்டில் அடுப்பில் வேகவைப்பது. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. அசைவம் தொடாத அக்காவுக்கு இந்தக் கரையில் கவலையே இல்லை.

மே 14, புதன்

இன்றைய நடைக்காகவே இந்தப் பயணம் வந்ததாக நினைக்கிறேன்.

ரயிலில் மனரோலா, அங்கிருந்து பேருந்தில் வொலாஸ்த்ரா. ஏற்றம் முழுவதையும் பேருந்தே ஏறிவிடுகிறது. பிறகு மலைச்சரிவில் ஒரே மட்டமாக, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு ஆள் அகலப் பாதை. ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் கீழே கடல்.

அந்தச் சுவர்களை அருகில் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு இல்லை, சிமென்ட் இல்லை. மணற்கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள், பின்னால் பொடிக்கல் நிரப்பு. மழைத் தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும். ஓரிடத்தில் சுவர் வயிறு தள்ளி நின்றது. பக்கத்தில் ஒருவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுத்தியலால் ஒரு முனையைத் தட்டி, பொருத்திக்கொண்டிருந்தார். ஒரு கல்லுக்கு அவ்வளவு நேரம். தோட்டத்தைக் கைவிட்டால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் மண் ஊருக்குள் வரும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பேய்மழையில் மோன்தெரோஸ்ஸோவும் வெர்னாட்சாவும் சேற்றில் புதைந்தன; உயிர்கள் போயின.

அதனால்தான் எங்கே தங்குகிறோம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நம் அறை வாடகை இந்தச் சரிவில் இன்னும் கொடி நடுகிற ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். வொலாஸ்த்ரா பக்கம் பண்ணை வீடுகளில் அறை கிடைக்கிறது. ஷக்கெத்ரா என்ற இனிப்பு வைனுக்காகத் திராட்சையை உலர்த்தும் வீடுகள் அவை.

மே 15, வியாழன்

அக்காவுக்கு முழங்கால் வலி. ஓய்வு. நான் மட்டும் ரியோமஜ்ஜோரே போய், அங்கிருந்து மனரோலாவுக்குக் 'காதல் பாதை'யில் நடந்தேன். 2012 பாறைச் சரிவுக்குப் பிறகு மூடிக்கிடந்து 2024இல் திறந்தது. நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், தனிக் கட்டணம். சமதளம், சின்ன நடை. அக்கா வந்திருக்கலாம்.

மே 16, வெள்ளி

லெவாந்தோ. நாளை முழங்கால் ஒத்துழைத்தால், மெஸ்கோ முனை வழியாக மோன்தெரோஸ்ஸோவுக்கு நடக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, மூன்று மணி நேரம் போல ஆகும்.

ஜூலையில் இரண்டு வயதுக் குழந்தையோடு வருகிற சித்தி மகள் எங்கே அறை போடுவது என்று கேட்டிருக்கிறாள். மோன்தெரோஸ்ஸோவில் நிலையத்தை ஒட்டிய ஃபெஜீனா பகுதி என்று எழுதிவிட்டேன். இறங்கியதும் எதிரே மணல், தள்ளுவண்டி உருளும் சமமான சாலை, பழைய ஊருக்கு ஒரு சுரங்கப்பாதை தாண்டினால் போதும். கோர்னீல்யாவுக்குக் குழந்தை கொஞ்சம் வளர்ந்தபின் வரட்டும்.