கடை சிஸ்டம் தாங்குமா?

தீபாவளிக்கு ஊருக்கு வந்த அண்ணன் மகன், கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தவன் திரும்பிக் கேட்டான். "என்ன அத்தை, இன்னும் விண்டோஸ் 10-லயே ஓட்டுறீங்க? 14-ஆம் தேதியோட அப்டேட் எல்லாம் நின்னுபோச்சே."

நின்றது தெரியும். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-தான் கடைசி நாள். ஒரு மாதமாகத் திரையில் அறிவிப்பு வந்துகொண்டேதான் இருந்தது. எனக்குப் பயமாக இருந்ததால் மூடி மூடி வைத்தேன். திருமங்கலத்தில் இந்த டிடிபி கடையைப் பதினோரு வருஷமாக நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, பயோடேட்டா எல்லாம் இந்த ஒரே சிஸ்டத்தில் அடித்ததுதான். அப்பா சீட்டு எடுத்த பணத்தில் 2014-இல் வாங்கிக் கொடுத்தது.

முதலில் மதுரையில் ஒரு கடையில் கேட்டேன். கவரைக்கூடக் கழற்றவில்லை. "இதுக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுங்க, புதுசு போட்டுருங்க" என்று 38,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாத வாடகை அது. பெட்டியைத் திறந்து பார்க்காமல் சொன்ன தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்தேன், நானே பார்த்துவிடுவது என்று.

விண்டோஸ் 11 தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் சீக்கிரம் கிடைத்துவிட்டது. ப்ராசஸர் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். என்னுடையது ஐ3-4150. அந்த 4 என்பது நான்காம் தலைமுறை. இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது. பெயர் ஐ5-8250 என்று இருந்தால் எட்டு, ஐ5-10210 என்று இருந்தால் பத்து. அதற்கு மேல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், ஆன் ஆகும்போதே நம்பகமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டும் வேண்டும். ரேம் 4 ஜிபி போதும் என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஆனால் நாலு ஜிபியில் அதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரை எதிரே உட்கார வைக்க முடியாது.

இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழி இருக்கிறது. ரூஃபஸ் என்ற சிறிய நிரலில் பென்டிரைவ் தயார் செய்யும்போதே அந்தத் தடைகளை எடுத்துவிடலாம். வீட்டில் படம் பார்க்கிற சிஸ்டமாக இருந்தால் நானும் செய்திருப்பேன். தகுதி இல்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. நாளைக்கு முகூர்த்தம், இன்றைக்குப் பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று நிற்கிற ஆளிடம் போய் அதை நான் சொல்ல முடியாது.

அடுத்ததாக அண்ணன் மகன் காட்டியதுதான் எனக்கு உண்மையான விஷயம். செட்டிங்ஸில் சிஸ்டம் விவரம் பக்கத்தைத் திறந்து, "அத்தை, ப்ராசஸர் 64 பிட், ஆனா விண்டோஸ் 32 பிட்" என்றான். வாங்கும்போது 32 பிட் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்திருந்தார்கள். 2016-இல் இலவசமாக 10-க்கு மாறியபோது அதுவும் 32 பிட்டாகவே மாறியிருக்கிறது. 32 பிட் விண்டோஸ் 10-ஆல் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்த முடியாது. நான் 8 ஜிபி வாங்கி மாட்டியிருந்தால் பாதிக்கு மேல் சும்மா கிடந்திருக்கும். சிஸ்டம் வேகம் குறைந்தது என்று ரேம் வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் நிரல் எதுவும் ஓடாது. நான் பில் போடுவது டாஸ் காலத்து நிரலில். ஸ்கேனரை இயக்கும் டிரைவர் நிரலும் 32 பிட்டில் மட்டும்தான் இருக்கிறது, 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. ஆகவே 38,000 கொடுத்துப் புதுசு வாங்கியிருந்தாலும் இந்த இரண்டும் நின்றிருக்கும். கொட்டேஷனில் அது இல்லை.

பத்திரிகைப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் வேறு கதை. என்னிடம் இருப்பது 7.0, அது வந்தது 2001-இல். என் பதினோரு வருஷ வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது, வானவில் எழுத்துருவில், எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில். அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் "நிகழும் மங்களகரமான" என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். போன மாதம்கூட ஒரு அம்மா வந்து, "மூத்தவளுக்கு 2015-ல நீதான்மா அடிச்சே, அதே மாதிரி சின்னவனுக்கும் அடிச்சுக் குடு" என்றார். அந்த ஃபைலைத் திறந்தால் பாட்டி தாத்தா பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. தாத்தா பெயருக்கு முன்னால் மட்டும் "தெய்வத்திரு" சேர்க்கச் சொன்னார். இந்த ஃபைல்கள் திறக்காமல் போனால் என் கடை வெறும் ஜெராக்ஸ் கடை.

அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். சிஸ்டம் எதைத் தாங்கும் என்பதைவிட, என் எந்த வேலைக்கு நெட் வேண்டும், எந்த வேலைக்கு வேண்டாம் என்று ஒரு நோட்டில் எழுதினேன். மெயில், வாட்ஸப்பில் வரும் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நெட் வேண்டும். பேஜ்மேக்கருக்கும் பில்லுக்கும் வேண்டவே வேண்டாம்.

சிஸ்டத்தில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு நாள் முழுக்கக் கவனித்தேன். குரோம் திறக்கும்போதெல்லாம் சிபியு, அதாவது ப்ராசஸர், இருபது சதவீதத்தைத் தாண்டவில்லை, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்திலேயே நின்றது. பழைய ஹார்ட்டிஸ்க்தான் இழுத்துப் பிடிக்கிறது, ப்ராசஸர் இல்லை. ஹார்ட்டிஸ்க்கைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, பழைய டிடிஆர்3 ரேம் 8 ஜிபி ஒன்று, கூடவே மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி. மொத்தம் 2,900 ரூபாய். பேட்டரியை மறக்காதீர்கள். அது செத்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும், அப்புறம் எந்த வெப்சைட்டும் பாதுகாப்பு இல்லை என்றே சொல்லும்.

எஸ்எஸ்டியில் எதைப் போடுவது? விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22, அதில் பழைய சிஸ்டத்துக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. போடுவதற்கு முன் இரண்டு நாள் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன், ஹார்ட்டிஸ்க்கைத் தொடவே இல்லை. வேகத்தை அப்போது எடை போடக் கூடாது, பென்டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது நம் சாமான்கள் வேலை செய்கின்றனவா என்பதைத்தான். ஸ்கேனரைச் செருகியதும் எந்த டிரைவரும் கேட்காமல் ஸ்கேன் எடுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. லேசர் பிரிண்டர் அப்படி இல்லை, அண்ணன் மகன் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்துதான் வழிக்குக் கொண்டுவந்தான். தமிழ் டைப்பிங்குக்கு லினக்ஸின் ஐபஸ் என்ற நிரலில் தமிழ்99 விசைப்பலகை முறையும் இருக்கிறது, டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணிய என் விரலுக்கு இரண்டாவதுதான் சரி.

பழைய ஹார்ட்டிஸ்க்கை அழிக்கவில்லை. இரண்டையும் மாட்டியிருக்கிறேன். ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தினால் எதில் போவது என்று கேட்கும். பழைய விண்டோஸில் நெட்வொர்க்கையே முடக்கிவிட்டேன். விண்டோஸ் 10-க்குக் கடைசி நாளுக்குப் பிறகும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. நெட்டே இல்லாத டிஸ்க்குக்கு அது தேவைப்படவில்லை. விண்டோஸிலேயே நெட் வைத்தாக வேண்டியவர்கள் அதில் சேர்ந்துகொள்வது நல்லது.

இப்போது சிஸ்டம் ஆன் ஆக அரை நிமிஷம் ஆகவில்லை. முன்னே நான் அடுப்பில் டீ போட்டுக்கொண்டு வந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் பழைய ஹார்ட்டிஸ்க்குக்கும் பதினோரு வயசு, அது என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. எல்லா ஃபைலையும் வெளி டிரைவ் ஒன்றில் காப்பி எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு பத்துப் பத்தாக பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்து, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி, பேஜ்மேக்கர் போலப் பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் என்ற இலவச நிரலில் புதிதாக அமைக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு ஏற்ற யூனிகோடு எழுத்துரு குறைவுதான். கவிவனார், மீரா இனிமை, ஹிந்த் மதுரை மூன்றையும் வைத்துச் சமாளிக்கிறேன், பூ வேலைப்பாடு கொண்ட தலைப்பை மட்டும் பழையதிலிருந்து படமாக எடுத்துக்கொள்கிறேன். 2014-உம் 2015-உம் முடிந்துவிட்டன. இந்த ஞாயிறு 2016 தை மாதத்து முகூர்த்தங்கள்.