மஞ்சள், சிவப்பு, வெள்ளை

அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டர் பல வருடமாகப் பரண்மேல் கிடந்தது, அம்மாவின் சீரியலைப் பதிவு செய்யலாமே என்று போன ஞாயிற்றுக்கிழமை இறக்கினேன். கேபிள் வயரை நேராக அதிலேயே சொருகிச் சேனல் தேடவிட்டால் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்காதுதான். கேபிள் டிஜிட்டலாகி, சேனல்களைப் பூட்டி அனுப்ப ஆரம்பித்த பிறகு அந்தப் பூட்டைத் திறப்பது செட்டாப் பாக்ஸ்தான். ரெக்கார்டருக்குள் இருக்கும், சேனல் பிடிக்கிற பழைய அனலாக் ட்யூனருக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, வரிசையை மாற்றினேன். கேபிள் வயர் பாக்ஸுக்கு, பாக்ஸில் படமும் சத்தமும் வெளியே வரும் ஏவி அவுட்டிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள் ரெக்கார்டரின் ஏவி இன்னுக்கு, அங்கிருந்து இன்னொரு செட் வயர்கள் டிவிக்கு. (இன், அவுட் இரண்டையும் மாற்றிச் சொருகிவிட்டு அரைமணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது தனிக்கதை.) எச்டிஎம்ஐ வயரை மட்டும் பாக்ஸிலிருந்து நேராக டிவிக்கே கொடுத்துவிட்டேன், சும்மா பார்க்கும்போதாவது படம் தெளிவாக இருக்கட்டும் என்று.

ஒரே தொல்லை, பாக்ஸில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அதுதான் பதிவாகும். டைமர் வைத்தாலும் அந்தச் சேனலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நேற்று தம்பி நடுவில் மாற்றிவிட்டான், சீரியலுக்குப் பதில் 20 நிமிடம் கிரிக்கெட் பதிவாகியிருக்கிறது, அம்மா இன்னும் அவனோடு பேசவில்லை.