வெள்ளம் வரும் மாதங்கள்

ஏப்ரல் 16

போட்ஸ்வானாவின் வடக்கு எல்லையில், ஒக்கவாங்கோ ஆற்றின் மேலுள்ள மொகெம்போ அளவுகோலில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. வெள்ளத்தின் உச்சம் அந்த இடத்தைக் கடந்து ஒக்கவாங்கோ சதுப்பு நிலத்துக்குள் நுழைந்துவிட்டது. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் மார்கழி தொடங்கிப் பெய்த மழை, நமீபியாவின் ஓரத்தைத் தொட்டு போட்ஸ்வானாவுக்குள் இறங்கி, பாப்பிரஸ் கோரைகளுக்கு நடுவே பிரிந்து பரவுகிறது. கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர்கூட இல்லாத சரிவு என்பதால், அதே தண்ணீர் மவுன் நகரத்தை எட்டுவதற்கு ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். அவை அங்கே மழையே பெய்யாத குளிர்கால மாதங்கள். மேகம் இல்லாத வானத்தின் கீழே வெள்ளம் ஏறும்.

அங்கே ஒரு விடுதியில் குதிரைச் சவாரிக்கான என் முன்பதிவு ஜூலை முதல் வாரத்துக்கு. வெளிநாடு போக அரசு தர வேண்டிய தடையின்மைச் சான்றுக்கான கோப்பு இன்னும் முதல் மேசையை விட்டு நகரவில்லை.

ஏப்ரல் 20

பாலாற்றில் விடியற்காலைப் பயிற்சி. பாய் ஐந்தரைக்கே ராணியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கத்தியவாரி ரத்தம் கலந்த பெண்குதிரை அவள். காதுகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிறவள். பிடரிக்குப் பின்னால், தோள்மேட்டின் இருபுறமும் வெள்ளை மயிர் திட்டாக முளைத்திருக்கிறது. முன்பு யாரோ பொருந்தாத சேணத்தைப் பல நாள் போட்டு அழுத்திய புண் ஆறிய இடம் அது. பாய் வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். இப்போது மெத்தென்ற கம்பளி விரித்துத்தான் சேணம் வைக்கிறார்.

காய்ந்த மணலில் குதிரையை விரட்டினால் முன்னங்கால் தசைநாண்கள் கெட்டுவிடும். ஆகவே கரையோரம் மண் இறுகிய பகுதியில் மட்டும் ஓட்டம். மணல் அள்ளிய பள்ளங்கள் வரும் இடத்தில் நடை. வேப்பேரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் கற்றதை உடல் மறக்கவில்லை. தொடைதான் மறந்துவிட்டது, இன்று முழுவதும் வலி.

ஏப்ரல் 28

எடை 73. விடுதியின் வரம்புக்குள்தான் இருக்கிறேன். ஆனாலும் இன்னும் குறைய வேண்டும். சுமக்கப் போவது நான் இல்லை.

மே 4

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மருந்தகத்தில் காலை முழுவதும் நாக்கு வறண்ட ஆடுகளும் மூச்சிரைக்கும் கலப்பினப் பசுக்களும். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்வதெல்லாம் உண்மை என்று இந்த மாதத்தில் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

இரவு அம்மா மறுபடியும் ஆரம்பித்தார். "முதலை இருக்கிற தண்ணியில குதிரையை இறக்குறாங்களாமே, அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் பண்ணுச்சு? நீ கார்ல போய்ப் பாரேன்." எனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை; குதிரையைத்தான் கேட்டார். என்னிடம் சரியான பதில் இல்லாததற்குக் காரணம், நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோப்பு நகரவில்லை.

மே 12

நேற்று இரவு தூக்கமே வரவில்லை. எழுந்து பழைய பாடப் புத்தகத்தை எடுத்து ஆப்பிரிக்கக் குதிரை நோய் பற்றிய பகுதியை முழுவதும் படித்தேன். குலிகாய்டஸ் என்னும் மிகச் சிறிய கொசுப்பூச்சிகள் பரப்பும் வைரஸ் அது. அந்தப் பூச்சிகள் ஈரமான சேற்றில் முட்டையிட்டுப் பெருகும். அந்தியிலும் இரவிலும் கடிக்கும். வைரஸில் ஒன்பது வகைகள் இருப்பதால் ஒன்றுக்கு எதிர்ப்பு வந்த குதிரை மற்றொன்றில் விழக்கூடும். எதிர்ப்புச் சக்தி இல்லாத குதிரைகளில், நுரையீரலைத் தாக்கும் வடிவம் வந்தால் 100க்கு 90க்கும் மேல் பிழைப்பதில்லை. வரிக்குதிரைக்கு அதே வைரஸ் உடலில் இருந்தும் ஒன்றும் ஆவதில்லை. அந்த மண்ணில் அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது வரிக்குதிரை; மனிதன் ஓட்டிக்கொண்டு வந்த குதிரைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இது எங்கோ இருக்கிற நோய் என்று சொல்லிவிட முடியாது. 1960-இல் இந்தியாவுக்குள்ளும் வந்தது. மேற்காசியா தொடங்கி இங்கே வரை அந்த அலையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் மாண்டன. 2020-இல் தாய்லாந்தில் திடீரென்று தலைகாட்டியது. அப்பா இராணிப்பேட்டையில் தடுப்பூசி நிலையத்தில் வேலை பார்த்தார். 1932 முதல் இயங்கிவரும் நிலையம் அது. கண்ணுக்கு மேலே உள்ள குழி வீங்கிய குதிரையைப் பார்த்தால் முதலில் இந்த நோயை நினை என்று தம் மூத்தவர்கள் சொல்லித் தந்ததாகச் சொல்வார். இதயத்தைத் தாக்கும் வடிவத்தில் அந்தக் குழி நிரம்பி மேடாகிவிடும். அதிலிருந்து நான் எந்தக் குதிரையைப் பார்த்தாலும் கண்ணுக்கு மேலேதான் முதலில் பார்வை போகிறது. ராணிக்கு அங்கே ஆழமான குழி, வயதின் அடையாளம்.

ஆகவே கேள்வி இதுதான். சதுப்பு நிலம், கொசுப்பூச்சி, வரிக்குதிரை, சிங்கம் என எல்லாம் சேர்ந்திருக்கும் ஓர் இடத்தில், விடுமுறைக்கு வருகிறவர்கள் இன்பமாகச் சவாரி செய்வதற்காகக் குதிரைகளை வைத்திருப்பது நியாயமா? கால்நடை மருத்துவராக இருந்துகொண்டு அந்தக் குதிரையின் முதுகில் காசு கொடுத்து ஏறப் போகிறவள் நான். விடுதிக்கு நீண்ட கடிதம் எழுதிவிட்டேன். தடுப்பூசி எப்போது போடுகிறீர்கள், வாரத்தில் ஒரு குதிரைக்கு எத்தனை நாள் ஓய்வு, இரவில் எங்கே கட்டுகிறீர்கள், அருகில் மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் முன்பணம் போனாலும் போகட்டும்.

மே 13

பதில் இல்லை.

மே 21

பதில் வந்தது. ஆண்டுதோறும் பூச்சிகள் பெருகும் மழைக்காலத்துக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் தயாராகும் தடுப்பூசியைப் போட்டுவிடுகிறார்களாம். அந்தி சாய்வதற்குள் எல்லாக் குதிரைகளும் உயரமான வேலியிட்ட லாயத்துக்குள் வந்துவிடும். சிங்கத்துக்காக இரவெல்லாம் காவலும் நெருப்பும் உண்டு. நான் கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தார்கள்: போன மழைக்காலத்தில் தடுப்பூசி போட்டும் ஒரு குதிரை இந்த நோயில் இறந்ததாம். அந்த வரியை மறைக்காமல் எழுதியவர்களிடம் எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. போகிறேன்.

மே 30

நேற்று மாலை இடியோடு கோடை மழை கொட்டித் தீர்த்தது. காலையில் பாலாற்றின் மணல் பள்ளம் ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பாயிடம் கேட்டு ராணியை அதில் இறக்கினேன். தயங்கினாள், மூக்கைத் தாழ்த்தி முகர்ந்தாள், பிறகு நடந்து நடுவுக்கு வந்ததும் வலது முன்னங்காலால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தாள். பார்ப்பதற்கு விளையாட்டைப் போலத் தோன்றும். உண்மையில் குதிரை படுத்துப் புரள்வதற்கு முன் செய்வது அது. சேணத்தோடும் ஆளோடும் அப்படியே படுத்துவிடும். வாரைச் சற்றுத் தூக்கி, இரண்டு குதிகாலாலும் அழுத்தி முன்னே செலுத்தினேன். நடந்துவிட்டாள். கரையேறியதும் உடலைச் சிலிர்த்த சிலிர்ப்பில் பாயின் வெள்ளைச் சட்டை முழுவதும் சேறு. "பரவால்ல டாக்டரம்மா, அவளுக்கும் வெயில்தானே" என்றார்.

மொகெம்போவில் வேகமாக இறங்குகிறது. கீழே ஏறிக்கொண்டிருக்கும்.

ஜூன் 9

கோப்பு சென்னைக்குப் போய்விட்டதாம். போய்ச் சேர்ந்ததா என்பதை யாரும் சொல்லவில்லை.

ஜூன் 16

விடுதிக்காரர்களின் கணக்குப்படி ஒரு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் சேணத்தில் இருக்க வேண்டும். அதைப் படித்ததும் எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி கிடைத்ததும், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி தலைமையில் குதிரைப்படை இங்கே பாய்ந்து வந்தது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கோட்டைக்குள் பிறகு நடந்த கொலைகளை வேலூரில் பிறந்த எவரும் எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆனால் எந்த நூலும் அந்தக் குதிரைகளைப் பற்றி எனக்குச் சொல்லவில்லை. ஆடிக்கு முந்தைய வெயிலில் பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றவற்றுக்கு யார் தண்ணீர் காட்டியிருப்பார்கள், எத்தனை நொண்டியிருக்கும்? இப்படிப்பட்ட கேள்விகளோடுதான் என் நாட்கள் போகின்றன.

ஜூன் 20

அடிஸ் அபாபா வழியாகப் பயணம் என்பதால் கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். சான்று பத்து நாள் கழித்துத்தான் செல்லும். சரியாகக் கூடிவருகிறது. கோப்பு மட்டும் கூடிவந்தால் போதும்.

ஜூன் 26

வந்துவிட்டது! கையொப்பம், முத்திரை, எண், எல்லாம் இருக்கின்றன. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டு, "குதிரைக்கு வெல்லம் எடுத்துட்டுப் போக விடுவாங்களா?" என்று கேட்டார்.

ஜூலை 4

மவுனிலிருந்து சிறு விமானம். மேலிருந்து பார்த்தால் தீவுகளின் நடுப்பகுதி வெளுத்துக் கிடக்கிறது. கரையோர மரங்கள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே ஒதுங்கி, நம் ஊர் உவர் நிலத்தைப் போலப் பூத்துவிடுகிறது. தீவுகள் பலவும் கறையான் புற்றிலிருந்து தொடங்கியவை என்று படித்திருந்தேன். நேரில் பார்க்கும்போதுதான் நம்ப முடிந்தது. கடலைச் சேராத ஆறு இது. ஏறக்குறைய மொத்தத் தண்ணீரும் ஆவியாகியும் செடி கொடிகள் வழியாகவும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இறங்கியதும் அறைக்குப் போகாமல் லாயத்துக்குப் போனேன். ஒவ்வொரு குதிரையின் தோள்மேட்டையும் கையால் தடவினேன். வெள்ளை மயிர் இல்லை. கண்ணுக்கு மேலே குழி, குழியாகவே இருக்கிறது. தரை முழுவதும் மணல் என்பதால் லாடம் அடிக்கவில்லை. குளம்புகள் சுத்தமாகச் சீவப்பட்டிருக்கின்றன. லாயக்காரர் என்னை விநோதமாகப் பார்க்கவில்லை. அவரே அடுத்த குதிரையின் காலைத் தூக்கிக் காட்டினார்.

ஜூலை 5

கடுங்குளிர். விடியற்காலையில் கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொன்று. முன்னால் துப்பாக்கியோடு வழிகாட்டி, பின்னால் ஒருவர், நடுவில் நாங்கள் ஒற்றை வரிசையில். அவர் விதித்த விதிகள் சில: யானையைக் கண்டால் நின்று வழி விட வேண்டும், தாய்க்கும் குட்டிக்கும் இடையே போகக் கூடாது, சிங்கம் எதிர்ப்பட்டால் அவர் சொல்லும்வரை ஓடக் கூடாது.

வெள்ளத்தில் இறங்கினோம். தண்ணீர் குதிரையின் முழங்கால் வரை, பிறகு வயிற்றுப் பட்டை வரை. இது அங்கோலாவில் பெய்த மழை; மொகெம்போவில் எண்ணாக நான் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர். அவ்வளவு தெளிவு: அடியில் புல் சாய்ந்து கிடப்பதும் குளம்பு பதியும் மணலும் தெரிந்தன. இலைக்கோழிகள் அல்லி இலைமேல் நடந்தன. திடீரென்று செந்நிற லெச்வே மான் கூட்டம் ஒன்று எங்கள் பக்கவாட்டில் பாய்ந்தது. அவற்றின் குளம்பு நீண்டு விரிந்தது, பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம். தண்ணீரில் அவை நிலத்தில் ஓடும் மானைவிட எளிதாக ஓடின. வழிகாட்டி கையை உயர்த்தினார். நாங்களும் பாய்ந்தோம். முகத்தில் அடித்த நீர்த்திவலையில் ஒன்றும் தெரியவில்லை, குதிரைக்குத் தெரிந்திருந்தது. ஜீப்பைக் கண்டால் தலை தூக்கும் மான்கள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. நான்கு கால்களில் ஏதோ ஒன்று என்றுதான் எங்களை நினைத்திருக்க வேண்டும். இவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்து எவ்வளவு காலமாயிற்று!

ஜூலை 6

ஆழமான ஓடை ஒன்றைக் கடக்காமல் திரும்பினோம். நீர்யானை இருந்தது. கோரைக்குள் ஓடைகளைத் திறந்து வைப்பவையே நீர்யானைகள்தாம் என்பதால், நல்ல வழி தெரிகிற இடத்தில்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்றார் வழிகாட்டி. அம்மாவுக்குத் தகவல் அனுப்ப முடியவில்லை.

ஜூலை 7

என் குதிரைக்குக் காயம். திரும்பும் வழியில் தண்ணீருக்குள் முறிந்து நின்ற மரக்கட்டை எதுவோ குத்தியிருக்கிறது. இடது பின்னங்காலில், குளம்புக்கு மேலுள்ள மூட்டை ஒட்டிச் சிறிய துளை. வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை போலிருக்கிறது, ஆனால் மூட்டுக்குள் போயிருந்தால் காரியம் கெட்டுவிடும். விடுதியின் மருத்துவர் நாளை நண்பகல் விமானத்தில்தான் வர முடியும். தொலைபேசியில் அவரிடம் பேசிவிட்டு நானும் லாயக்காரரும் உப்புநீரால் துளையைப் பலமுறை கழுவினோம், சுற்றி மயிரைக் கத்தரித்தோம். கசிகிற நீர் மூட்டுக்குள் இருக்கும் நீரைப் போல மஞ்சளாகவும் வழவழப்பாகவும் இல்லை என்பது ஓர் ஆறுதல். உடல் வெப்பம் 38.3 டிகிரி செல்சியஸ், அது குதிரைக்கு இயல்பான அளவுதான். காலை ஊன்றுகிறது, ஆனால் முழு எடையும் போடவில்லை. நாளைய சவாரிக்கு வேறு குதிரை தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் கேட்டிருக்கிறேன், பதிவேட்டை எடுக்கப் போயிருக்கிறார். விளக்கு எண்ணெய் குறைகிறது, அவர் வந்ததும் மீதியை