சந்தின் பெயர் தெரிந்தவர்

2021-இல் கடலூர் நகராட்சி மாநகராட்சி ஆனது. அதே ஆண்டில் வடலூரும் திட்டக்குடியும் பேரூராட்சியாக இருந்து நகராட்சி ஆயின. செய்தியாகப் படித்தால் இரண்டு வரி. உள்ளாட்சியில் வேலை பார்ப்பவர்களுக்கு அது வார்டு மாறுவது, கதவு எண் மாறுவது, பழைய ரசீதோடு வந்து நிற்கும் பெரியவருக்குப் பதில் சொல்வது.

நான் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, மாவட்டத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகிறேன். வருவாய்ப் பிரிவு. வார்டுகளைத் திருத்தியபோது ஊழியர்களைக் கலந்துதான் செய்வோம் என்றார்கள். முதல் இரண்டு கூட்டங்களில் சுற்றறிக்கையை வாசித்து, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கலந்து பேசியது என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது கூட்டத்துக்கு சுகாதார ஆய்வாளர், மேஸ்திரியையும் தூய்மைப் பணியாளர் ஒருவரையும் அழைத்து வந்தார். நான் எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி என்று எழுதியிருக்கும் கேட்புப் பதிவேட்டைப் பார்த்து, "மூணாவது குறுக்குத் தெரு, 42 வீடு" என்று வாசித்தேன். அந்த அக்கா தயங்கியபடி, "சார், அங்க பதினொரு வீடுதான். மீதியெல்லாம் பின்னாடி பிள்ளையார் கோயில் சந்துல இருக்கு. தினம் குப்பை வாங்குறது நான்தானே" என்றார்.

புரட்டிப் பார்த்தோம். அப்படி ஒரு சந்தே பதிவேட்டில் இல்லை. பிற்பாடு கட்டிய வீடுகளையெல்லாம் பக்கத்துத் தெருவில் ஏற்றியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஆறு மணி வரை அவர் சொல்லச் சொல்ல நான் பென்சிலில் குறித்தேன். குடிநீர் வால்வு திறக்கும் அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார். என் பணிக்காலத்தில் அவ்வளவு நிறைவாக வேலை செய்த நாள் வேறு இல்லை.

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்காரும் குழுவுக்கு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இடம் இருந்தது. ஆனால் அந்த அக்காவைப் போல ஒப்பந்தத் தொழிலாளி என்றால், அவர் யாருடைய ஆள் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது.

அப்புறம் டெண்டர் மாறியது. புதிய ஒப்பந்ததாரரின் மஸ்டரில், அதாவது ஆட்களின் வருகைப் பட்டியலில், அக்காவின் பெயர் இல்லை. அடுத்த கூட்டத்துக்குப் பதிவேட்டை எடுத்துப் போனேன். பென்சில் குறிப்பு இருந்த பக்கத்தை விரித்து வைத்து, "இதைச் சொன்னவர் எங்கே?" என்று கேட்டேன். மேஸ்திரியும் கூட நின்று பேசினார்.

இரண்டு வாரம் கழித்து அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளையார் கோயில் சந்து இருக்கும் வார்டில் இல்லை, வேறு வார்டில்.