சுவர் எழும்பிவிட்டது, பள்ளி எப்போது திறக்கும்?

நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் புது வளாகம் கட்டினார்கள். கல்வியாண்டு தொடங்கும் நாளிலேயே அங்கே போய்விடலாம் என்று அறிவித்தாயிற்று, ஆனால் முதல் பருவம் முழுக்க முடிந்து இரண்டாம் பருவமும் பாதி ஓடிய பிறகுதான் போனோம். இடமாற்றப் பொறுப்பு என்னிடம் இருந்ததால் கான்ட்ராக்டர், நிர்வாகம், பெற்றோர், பிள்ளைகள் என்று நாலு பேருக்கும் நடுவில் நின்றேன். இதே நிலையில் இப்போது இருக்கும் ஆசிரியர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

தாமதம் ஆரம்பித்தது மழையில். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால் இறைத்து, மண் இறுகக் காத்திருந்து, அப்புறம்தான் கம்பி கட்ட முடியும். இரண்டாவது மாடித் தளம் போட வேண்டிய நேரத்தில் மறுபடி மழை. ஈரமான கான்கிரீட்டில் மழை கொட்டினால் கலவையில் தண்ணீர் கூடி மேல்பரப்பு பலவீனமாகிவிடும், அதனால் நிறுத்திவிட்டார்கள், நிறுத்தியது சரிதான். தளம் போட்ட பிறகும் அவசரப்பட முடியாது. கான்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாளில்தான் கணக்கில் எடுப்பார்கள், முதல் ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும், அந்த ஏழு நாளாவது தண்ணீர் கட்டி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மேல் தளத்தின் பாரத்தைத் தாங்க அதற்குக் கீழே உள்ள மாடியிலும் முட்டுகள் நிற்கும். முட்டு நிற்கிற மாடியில் பூச்சு வேலை ஓடாது, டைல்ஸ் ஓடாது. மேலே ஒரு வாரம் நின்றால் கீழே எல்லாமே நிற்கிறது என்பதை அங்கே போய்ப் பார்த்தபோதுதான் என்னால் முழுசாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

நடுவில் நிர்வாகமும் ஒரு மாற்றம் கேட்டது. வேதியியல் ஆய்வகத்தை முதல் மாடியிலிருந்து தரைத்தளத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். காரணம் நியாயமானது, ஏதாவது ஆனால் பிள்ளைகள் சட்டென்று வெளியே வந்துவிடலாம். ஆனால் ஆய்வகம் நகர்ந்தால் கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், புகை வெளியேற்றும் விசிறி எல்லாம் சேர்ந்து நகரும். பூசி முடித்த சுவரை மறுபடி கொத்தினார்கள். ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் இருக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் கட்டச் சொன்னவரே கேட்ட மாற்றத்துக்குக் கான்ட்ராக்டர் கூடுதல் அவகாசம் கேட்கத்தான் செய்வார், கொடுக்கத்தான் வேண்டும். பணத்தை நிறுத்திவைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். பணம் நின்றால் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்பக் கூட்டி வருவது பெரும் பாடு. முடிந்த வேலையை அளந்து அந்தந்தக் கட்டத்துக்கு உடனே பணம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆள் எண்ணிக்கை குறையாமல் நின்றது.

நான் சைட்டுக்குப் போகும்போதெல்லாம் எத்தனை சதவீதம் முடிந்தது என்றுதான் கேட்பேன், எல்லோரும் கேட்பது அதுதான். தொண்ணூறு என்பார்கள். மறு மாதமும் தொண்ணூறு. ஒரு நாள் சைட் இன்ஜினியர் சிமென்ட் மூட்டைமேல் வரைபடத்தை விரித்து என்னை உட்கார வைத்தார். "டீச்சர், நீங்க பெயின்ட்டைப் பார்க்கிறீங்க, எனக்குப் பிரச்சினை கரண்ட்" என்றார். அவர் விரலை வைத்து நகர்த்திக் காட்டிய வரிசை எனக்கு இன்றும் மனப்பாடம். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பில் தீயணைப்பு பம்ப்பை ஓட்ட முடியாது. டிரான்ஸ்பார்மர் வந்து நிரந்தர இணைப்பு கிடைத்தால்தான் அந்த பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் குழாயில் அழுத்தம் சோதிக்கலாம், அதைச் சோதித்தால்தான் தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வரும், அவர்கள் சான்று தந்தால்தான் பணி நிறைவுச் சான்றுக்குப் போகலாம், அது கையில் வந்தால்தான் வகுப்பு நடத்த அனுமதி. லிஃப்ட் சோதனையும் அதே மின் இணைப்புக்காகக் காத்திருந்தது. ஒற்றை டிரான்ஸ்பார்மரின் பின்னால் இத்தனையும் வரிசையில் நிற்கும்போது பெயின்ட் அடித்து முடித்து என்ன பயன்? அன்றிலிருந்து சதவீதம் கேட்பதை விட்டுவிட்டு, அடுத்து எதற்காகக் காத்திருக்கிறோம், அது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பதில் உடனே கிடைத்தது.

இதற்கிடையே பழைய கட்டடத்தில் இடம் போதவில்லை. புது வளாகத்தை நம்பிக் கூடுதலாகப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் ஷிப்ட் முறை, காலையில் சின்ன வகுப்புகள், மதியத்துக்கு மேல் பெரிய வகுப்புகள். அக்கா ஒரு ஷிப்ட், தம்பி ஒரு ஷிப்ட் என்றால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் நாள் முழுக்கப் பள்ளி வாசலுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டும். பள்ளிப் பேருந்துகளுக்கு இரட்டை நடை. இறுதித் தேர்வு எழுதும் வகுப்புக்கு மட்டும் முழு நாளும் கொடுத்தோம், செய்முறைப் பயிற்சி குறைந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் திரும்பக் கிடைக்காது.

தரைத்தளத்தை மட்டும் திறந்துவிடலாமே என்ற பேச்சு அப்போது வந்தது. நான் முடியவே முடியாது என்றேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். மேலே கம்பியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கீழே ஆறு வயதுப் பிள்ளைகள் ஓடுவதா? அப்படித் திறப்பதென்றால் வேலை நடக்கும் பகுதிக்குத் தனி வாசல், தாண்ட முடியாத தடுப்பு, அந்தப் பகுதிக்கென்று தனி அனுமதி, இவ்வளவும் வேண்டும். எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

பெற்றோருக்கு முதலில் போன சுற்றறிக்கையில் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று இருந்தது. அந்த ஒரு வரிதான் அவ்வளவு கோபத்தையும் கிளப்பியது. கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "தேதி சொல்லுங்க மேடம், இல்லன்னா தெரியலைன்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம இழுக்காதீங்க" என்றார். அவர் கத்தவில்லை, ரொம்பச் சோர்ந்திருந்தார். அதற்குப் பிறகு நிர்வாகத்தை வற்புறுத்தி வாராவாரம் ஒரு சின்னக் கடிதம் அனுப்ப வைத்தேன். இந்த வாரம் எது முடிந்தது, எது நிற்கிறது, யாரிடம் நிற்கிறது, அவ்வளவுதான். தேதி போடவில்லை, சான்று கைக்கு வந்த பிறகு இரண்டு வாரம் முன்கூட்டியே தேதி சொல்வோம் என்று மட்டும் எழுதினோம். தொலைபேசி அழைப்புகள் நன்றாகவே குறைந்தன. டிரான்ஸ்பார்மர் தாமதம் என்று எழுதிய வாரம், மின்துறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்து விண்ணப்பத்தில் எந்த ஆவணம் இல்லாமல் நிற்கிறது என்று விளக்கிச் சொன்னார். மூடி மறைத்திருந்தால் அவர் எப்படி வந்திருப்பார்?

தீயணைப்பு ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்பறைக் கதவுகளைத் தானே தள்ளித் தள்ளிப் பார்த்தார். பக்கவாட்டுப் படிக்கட்டின் வழியில் புது பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அரங்கின் ஒரு கதவு உள்பக்கமாகத் திறந்தது. கூட்டம் முண்டியடித்து வரும்போது உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது என்று சொல்லிச் சான்று தராமல் போய்விட்டார். எங்கள் ஆட்கள் சிலருக்கு வருத்தம், எனக்கு நிம்மதி. கதவை மாற்றி, வழியைக் காலி செய்து, மறுபடி கூப்பிட்டோம்.

சாவி வாங்கும் முன் ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக அறை அறையாகப் போனோம். ஜன்னல் கொக்கி, சுவிட்ச் மூடி, குழாய், கழிவறைத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக் குறித்தோம். ஒன்றாம் வகுப்பில் கைகழுவும் தொட்டி பெரியவர்கள் உயரத்தில் இருந்தது, கழற்றி இறக்கச் சொன்னோம். தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி, நிரப்பிய தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் குடிநீர்க் குழாயைத் திறந்தோம். பெயின்ட் வாடை போக எல்லா ஜன்னல்களையும் திறந்தே வைத்திருந்தோம்.

திறப்பு விழா வேண்டாம் என்று முடிவாயிற்று, வாரத்தின் நடுவே சாதாரணமாக வகுப்பு ஆரம்பித்தது. விளையாட்டுத் திடல் வேலை மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தப் பக்கம் தடுப்பு கட்டியிருக்கிறோம், வடிகால் குழாய் பதிக்கும் வேலை ஓடுகிறது, அது முடியும்வரை வாராந்திரக் கடிதமும் போய்க்கொண்டிருக்கும்.