கரியமில வாயு அறைக்கு ஒப்புதல் வாங்கிய நான்கு மாதங்கள்

நான்காவது முறை வந்தபோதுதான் ஆய்வாளர் கையெழுத்திட்டார். பானங்களில் வாயு ஏற்றும் எங்கள் பிரிவுக்காகத் தரைத்தளத்துக்குக் கீழே ஒரு சிறிய சிலிண்டர் அறையை ஒதுக்கி, அதற்குப் பாதுகாப்பு ஒப்புதல் பெறும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்; முடிய நான்கு மாதங்கள் ஆயின. சிலிண்டர்களை நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலியால் கட்டுவது, எச்சரிக்கைப் பலகை மாட்டுவது, பாதுகாப்புத் தகவல் தாளைக் கதவருகே வைப்பது ஆகியவை முதல் நாளிலேயே முடிந்தன. அவற்றில் யாரும் குறை காணவில்லை. அலைச்சல் முழுவதும் அந்த அறையின் காற்றை அளக்கும் கருவியால் வந்தது.

கருவி விற்கும் முகவரிடம், கரியமில வாயு சிலிண்டர் வைக்கும் அறைக்கு எது தேவை என்று கேட்டபோது, அவர் ஓர் ஆக்சிஜன் மீட்டரை எடுத்து வைத்தார். வாயு கசிந்தால் ஆக்சிஜன் குறையும், குறைந்தால் அலாரம் அடிக்கும் என்றார். கேட்க நியாயமாகவே இருந்தது. வாங்கி வந்து, நின்றபடி பார்க்க வசதியாகக் கண் உயரத்தில் மாட்டினேன். முதல் ஆய்வுக்கு வந்தவர் அதைப் பார்த்ததும் மற்ற எதையும் பார்க்காமல் என் விண்ணப்பத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு கணக்குப் போட்டார். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, எங்கள் மீட்டர் அலாரம் அடிப்பது 19.5 விழுக்காட்டில். கசிகிற வாயு ஆக்சிஜனை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளுவதில்லை. நைட்ரஜனையும் சேர்த்தே தள்ளுகிறது. எனவே ஆக்சிஜன் 19.5க்கு இறங்குவதற்குள் அறைக்காற்றில் ஏறக்குறைய 6.7 விழுக்காடு, அதாவது 67,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவுக்குக் கரியமில வாயு சேர்ந்திருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே இருமுறை கோடிழுத்து, பக்கத்தில் 40,000 என்று எழுதினார். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கும் அளவு அது. எட்டு மணி நேர வேலைக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் சராசரி வரம்பு வெறும் 5,000. "உங்கள் அலாரம் அடிக்கும்போது உள்ளே இருப்பவர் அதைக் கேட்கும் நிலையில் இருப்பார் என்று என்னால் எழுதித் தர முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கரியமில வாயு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் செய்வதோடு நிற்பதில்லை என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் கருவி வாங்கும் நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஆக்சிஜன் போதிய அளவில் இருந்தாலும், அது இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டித் தானாகவே உடலைக் கெடுக்கிறது. 3 விழுக்காட்டில் மூச்சு வேகமெடுக்கும். 5 விழுக்காட்டில் தலைவலியும் தலைச்சுற்றலும் வரும். 10 விழுக்காட்டில் சில நிமிடங்களுக்குள்ளாகவே நினைவு தப்பிவிடும். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து எங்கள் அறைக்கும் ஒரு கணக்குப் போட்டேன். 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம்: மொத்தம் 18 கன மீட்டர். ஒரு கிலோ கரியமில வாயு வெளியே வந்தால் அரை கன மீட்டருக்குச் சற்று மேல் விரியும். 10 கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதும் கசிந்தால் மூடிய அறையின் காற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அந்த வாயுவே இருக்கும். நாங்கள் வைத்திருந்தது நான்கு சிலிண்டர்கள். இந்தக் கணக்கை விண்ணப்பம் எழுதும் முன்பே போட்டிருந்தால், முகவரின் பேச்சுக்குத் தலையாட்டியிருக்க மாட்டேன். அவரோ பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று காரணம் சொல்லி மீட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து, கரியமில வாயுவையே நேரடியாக அளக்கும் அகச்சிவப்புக் கதிர் சென்சார் வாங்கினோம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சென்சாரைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தினோம். கூரையருகே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனின் உறிஞ்சு குழாயையும் தரை வரை இறக்கினோம். எண் காட்டும் திரையும் விளக்கும் ஒலிப்பானும் கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தேவை. உள்ளே போய்த்தான் ஆபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அந்தக் கருவியால் பயனில்லை.

இரண்டாவது ஆய்வு நடக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கோப்பை வாங்கிய எழுத்தர், காலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுத் திருத்துவது) சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் விண்ணப்பத்தில் நான் எழுதிய வரிசை எண்ணும் ஒன்றாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். சுவரில் மாட்டும் பெட்டிக்கு ஓர் எண், அதிலிருந்து கம்பி வழியாகத் தரையருகே இறங்கும் சென்சார் தலைக்கு வேறோர் எண். சான்றிதழ் சென்சார் தலைக்கு வழங்கப்பட்டிருந்தது. நான் எழுதியது பெட்டியின் எண். கையோடு திருத்தித் தருகிறேன் என்றேன். புதிய விண்ணப்பம்தான் வேண்டும் என்றார். புதிய விண்ணப்பத்துக்குப் புதிய தேதி, புதிய தேதிக்கு மூன்று வாரக் காத்திருப்பு. இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு. கருவி கைக்கு வந்த அன்றே இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, சான்றிதழில் இருப்பது எது, அடுத்த காலிபரேஷன் தேதி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது ஆய்வில் ஆய்வாளர் தம்முடைய கைக்கருவியோடு வந்தார். வெளியே திறந்த வெளியில் அது 430 பிபிஎம் காட்டியது. அறைக்குள் வந்ததும் 1,150. எங்கள் திரையில் 660. இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு யார் கவலைப்படப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன், அவர் கவலைப்பட்டார். "இது எப்போதும் குறைத்தே காட்டுகிறதா?" என்று கேட்டார். கையேட்டைப் புரட்டியபோது காரணம் கிடைத்தது. இவ்வகைச் சென்சார்கள் பலவற்றில் தானாகத் திருத்திக்கொள்ளும் ஒரு வசதி உண்டு: சில நாட்களில் தான் கண்ட மிகக் குறைந்த அளவையே தூய காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 என்று வைத்துக்கொள்ளும். ஆட்கள் இரவில் வீடு திரும்பிவிடும் அலுவலக அறைக்கு அது சரி. எங்கள் அறையில் காற்று ஒருநாளும் தூய நிலைக்குத் திரும்பவில்லை, ஏனென்றால் எங்கோ ஒரு கசிவு விடாமல் இருந்துகொண்டே இருந்தது. கசிவைக் காட்டிக்கொடுக்க வைத்த கருவி, அந்தக் கசிவையே தூய காற்று என்று பழகிக்கொண்டிருந்தது.

கசிவைத் தேட சோப்புத் தண்ணீரும் ஒரு சிறு தூரிகையும் போதும். ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தோம். மூன்றாவது சிலிண்டரின் வால்வையும் ரெகுலேட்டரையும் இணைக்கும் நட்டின் அடிப்பக்கத்தில், கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதி, பட்டாணி அளவாகி, உடைந்தது. சற்று நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று. நட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த நைலான் வாஷர் ஒரு பக்கம் நசுங்கித் தேய்ந்திருந்தது. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அது ஒரு முறைக்குத்தான். சிலிண்டர் மாற்றினால் வாஷரும் புதிது.

இத்தனை நாளும் அழுத்தம் காட்டும் கேஜ் என்ன செய்தது என்று கேட்கலாம். சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பகுதி திரவமாக இருப்பதால், 20 டிகிரி வெப்பத்தில் அழுத்தம் சுமார் 57 பாரில் அசையாமல் நிற்கும். திரவத்தின் கடைசிச் சொட்டு தீர்ந்த பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். பாதி காலியான சிலிண்டரும் நிறைந்த சிலிண்டரும் கேஜுக்கு ஒன்றுதான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை எடைதான் சொல்லும்: தோள் பகுதியில் பொறித்திருக்கும் வெற்று எடையைத் தராசு காட்டும் எடையிலிருந்து கழிக்க வேண்டும். வாரம் ஒரு முறை நிறுத்து எழுதும் பேரேடு எங்களிடம் இருந்திருந்தால், பயன்பாட்டில் கணக்குக்கு வராத குறைவு முன்பே கண்ணில் பட்டிருக்கும். தானாகத் திருத்தும் வசதியை அணைத்து, சான்றளிக்கப்பட்ட வாயுவைக் கொண்டு மறு காலிபரேஷன் செய்தோம். 5,000 பிபிஎம் தாண்டினால் ஃபேன் தானாக ஓடி மஞ்சள் விளக்கு எரியவும், 15,000 தாண்டினால் சிவப்பு விளக்கோடு ஒலிப்பான் அலறவும் அமைத்தோம்.

நான்காவது ஆய்வில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் பெருமூச்சு விட்ட நேரத்தில், ஆய்வாளர் யாரிடமும் சொல்லாமல் சென்சார் மேல் சோதனை வாயுவைக் காட்டினார். ஒலிப்பான் அலறியது. எங்கள் பையன் ஒருவன், நல்ல எண்ணத்தில்தான், வால்வை மூடுவதற்காகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினான். ஆய்வாளர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "நீ விழுந்தால் உன்னைத் தூக்க யார் வருவார்?" என்று கேட்டார். மூடிய இடங்களில் நடக்கும் வாயு விபத்துகளில், விழுந்தவரைக் காப்பாற்ற ஓடுபவர்கள் பலர் அவருக்குப் பக்கத்திலேயே விழுகிறார்கள் என்பதை நான் வகுப்பெடுத்துச் சொல்லியிருந்தேன். ஒலி கேட்ட அந்த நொடியில் யாருக்கும் வகுப்பு நினைவில் இல்லை. அரை மணி நேரம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் எல்லோரையும் திரட்டி, அலாரம் அடித்தால் வெளியேறுவது, கதவை நெருங்காமல் மற்றவரைத் தடுப்பது, வெளித்திரையில் எண் இறங்கும் வரை காத்திருப்பது என்று மூன்று முறை ஓடிக்காட்ட வைத்தேன். மறுபடி ஒலிப்பானை அலற விட்டபோது அதே பையன்தான் கதவுக்கு ஐந்தடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் விரித்துப் பின்னால் வந்தவர்களை மறித்தான்.

ஒப்புதல் தாளில் இரண்டு நிபந்தனைகள் எழுதியிருக்கின்றன: வாராந்தர எடைப் பேரேடு, ஆறு மாதத்துக்கு ஒரு காலிபரேஷன். இரண்டாவது நிபந்தனைக்குக் கீழே, சென்சார் தலையின் வரிசை எண்ணை எழுத்தர் தம் கைப்படவே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.